பாளையங்கோட்டைக் கோவிந்தனும் சேலத்துச் சங்கரும்

திருநெல்வேலியில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களைப் பற்றிப் பேச்சுக்கொடுத்தால் முதலில் வந்து விழுகிற பெயர் ஜெய்சங்கர். அடுத்தது சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ். பிறகு அசோகன், மனோகர், தேங்காய் சீனிவாசன், வேதாவின் இசை, எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வரும். ரத்னாவில் பார்த்தது, பார்வதியில் பார்த்தது, ராயலில் இரண்டாவது ஆட்டம் முடிந்து நடந்தே வீட்டுக்கு வந்தது என்று ஊரும் தெருவும் சேர்ந்துகொள்ளும். ஜே.ஆர். ரங்கராஜு என்ற பெயரை அந்தப் பேச்சில் யாராவது எடுப்பது மிக அரிது. இத்தனைக்கும் ரங்கராஜு பாளையங்கோட்டையில் பிறந்தவர். தமிழ்த் திரையில் துப்பறியும் கதை கால்வைத்தபோதே அவர் எழுதிய நாவல்களும் அங்கே வந்துவிட்டன.

சொந்த ஊர்க்காரரை மறந்துவிட்டுச் சேலத்துப் படங்களை நினைத்து ஏங்குகிறது இந்தத் தாமிரபரணிக் கரை. அதற்கு ரசனை மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. படச்சுருள் எங்கே மிஞ்சியதோ அங்கேதான் ஏக்கமும் மிஞ்சியிருக்கிறது.

ரங்கராஜு 1875இல் பிறந்து 1959இல் மறைந்தவர். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் இருவரோடும் சேர்த்து, தமிழில் துப்பறியும் நாவலை நிலைநிறுத்தியவர் என்று இலக்கிய வரலாறு அவரைச் சொல்கிறது. ‘இராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’, ‘மோகனசுந்தரம்’, ‘ஆனந்தகிருஷ்ணன்’ என்று அவர் எழுதியவை பதிப்புமேல் பதிப்பாக விற்றன. அவர் படைத்த துப்பறிவாளர் கோவிந்தன். காதலியைக் கொன்றதாக ஓர் இளைஞன்மேல் பழி விழுகிறது. போலீசும் கோர்ட்டும் அவனைக் கைவிடுகிற நிலையில் கோவிந்தன் உள்ளே நுழைந்து முடிச்சை அவிழ்க்கிறார். ‘இராஜாம்பாள்’ இப்படி நகர்கிற கதை. வெள்ளைக்காரன் ஆட்சியில் சட்டத்தின் மொழி புரியாமல் திகைத்து நின்ற வாசகனுக்கு, சட்டத்தையும் தெருவையும் ஒருசேர அறிந்த ஒரு தமிழ்த் துப்பறிவாளர் எத்தனை ஆறுதலாக இருந்திருப்பார் என்பதை இன்று ஊகித்துக்கொள்ளலாம்.

புத்தகத்திலிருந்து மேடைக்கு இந்தக் கதைகளைக் கொண்டுபோனவர் எம். கந்தசாமி முதலியார், நடிகர் எம்.கே. ராதாவின் தந்தை. புராணமும் ராஜா ராணியும் அதிகம் பார்த்துப் பழகிய நாடகக் கொட்டகைகளில், கோட்டு போட்டவர்களும் வக்கீல்களும் போலி சாமியார்களும் நடமாட இந்த நாவல்கள் வழிசெய்தன. மேடையிலிருந்து திரைக்கு வர அதிக நாள் ஆகவில்லை. தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது 1931இல். ‘இராஜாம்பாள்’ படமானது 1935இல். மறுவருடம் பி.கே. ராஜா சாண்டோ இயக்கத்தில் ‘சந்திரகாந்தா’ வந்தது. பி.யு. சின்னப்பா திரைக்கு அறிமுகமான படம் அது. போலி மடாதிபதியாகக் காளி என். ரத்தினம் நடித்தார். ‘இராஜாம்பாள்’ 1951இல் மறுபடி எடுக்கப்பட்டது. ஆர்.எஸ். மனோகரின் திரை வாழ்க்கை தொடங்கியது அந்தப் படத்தில். பதினைந்து ஆண்டு கழித்து இதே மனோகர் ஜெய்சங்கர் படங்களில் மிரட்டிக்கொண்டிருந்தார். கோவிந்தனுக்கும் ஜெய்சங்கருக்கும் நடுவே ஒரு பாலம் உண்டென்றால் அது மனோகர்தான்.

இன்று 1935இன் ‘இராஜாம்பாளை’யோ 1936இன் ‘சந்திரகாந்தா’வையோ பார்க்க வழியில்லை. பிரதி கிடைப்பதில்லை. பார்த்தவர்களும் போய்விட்டார்கள். நாவல்கள் மட்டும் மறுபதிப்புகளாகத் தலைகாட்டுகின்றன.

வடுவூராரின் நிலை கொஞ்சம் மேல். அவருடைய ‘திகம்பர சாமியார்’ 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக வந்தது. எம்.என். நம்பியார் பதினொரு வேடங்களில் வந்து துப்பறிந்த அந்தப் படம் பிழைத்துக்கொண்டது. ஆகவே நம்பியாரின் சாமியாரைத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரங்கராஜுவின் கோவிந்தனும் வடுவூராரின் சாமியாரும் ஒரே காலத்துச் சரக்கு. ஒருவரை மறந்து இன்னொருவரை நினைவில் வைத்திருக்க இலக்கியக் காரணம் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை.

மேல்நாட்டில் துப்பறியும் படத் தொடர் என்றால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பேசில் ராத்போன் ஷெர்லக் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் வாட்சனாகவும் 1939 முதல் 1946 வரை பதினான்கு படங்களில் வந்தார்கள். கன்னடத்தில் ராஜ்குமார் சி.ஐ.டி. 999 என்ற எண்ணோடு 1968இன் ‘ஜேடர பலெ’ தொடங்கித் தொடர்ந்து வந்தார். மலைக்கு அந்தப் பக்கம், செங்கோட்டையைத் தாண்டினால், மலையாளத்தில் 1971இன் ‘சி.ஐ.டி. நசீர்’ படத்தில் அந்தப் பெயரிலேயே பிரேம் நசீர் துப்பறிந்தார். தமிழில் இப்படிப் பெயரும் எண்ணும் கொடுத்து யாரும் திட்டம்போட்டுத் தொடர் எடுக்கவில்லை. நம் தொடரைக் கட்டியவர்கள் ரசிகர்கள்.

‘இரு வல்லவர்கள்’ (1966), ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘நான்கு கில்லாடிகள்’ (1969), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970), ‘கருந்தேள் கண்ணாயிரம்’ (1972) ஆகியவை கதையால் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. ஆனால் அதே நாயகன், அதே வில்லன்கள், ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருந்த அதே ஸ்டூடியோ. சுழலும் சுவர், பாதாள அறை, விளக்கு மினுக்கும் இயந்திரம், கிளப் ஆட்டம் எல்லாம் படத்துக்குப் படம் திரும்ப வந்தன. ரசிகன் இவற்றை ஒரே மாலையாகக் கோத்துக்கொண்டான். ‘நீலகிரி எக்ஸ்பிரஸ்’ (1968) மாடர்ன் தியேட்டர்ஸ் படமே இல்லை. மலையாளத்தில் பிரேம் நசீர் நடித்த ‘கொச்சின் எக்ஸ்பிரஸ்’ஸின் தமிழ் வடிவம். அதையும் இந்த மாலையில் சேர்த்துவிடுவார்கள். ஏ. சகுந்தலா பின்னாளில் எத்தனை வேடம் போட்டாலும் கடைசிவரை ‘சி.ஐ.டி. சகுந்தலா’தான். 1965இல் ‘இரவும் பகலும்’ படத்தில் அறிமுகமாகி, வாராவாரம் படம் வருகிறவர் என்பதால் ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்றும், துப்பாக்கி ஏந்தியதால் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்றும் பெயர் வாங்கிய ஜெய்சங்கர், எந்தப் படத்தில் என்ன பெயரோடு வந்தாலும் கொட்டகைக்குச் சங்கராகவே இருந்தார்.

கதைகள் பல இடங்களிலிருந்து வந்தவை. ‘வல்லவன் ஒருவன்’ ஓ.எஸ்.எஸ். 117 என்ற பிரெஞ்சு உளவாளிப் படம் ஒன்றைத் தழுவியது. அதை இன்று குற்றமாகச் சொல்வதில் எனக்கு நாட்டமில்லை. அந்தப் படத்தில் பாங்காக்கில் நடந்ததைச் சேலத்தில் நடத்திக்காட்டிய கைத்திறன் பெரிது. கதையின் வறுமையை அந்தத் திறன் முழுக்க மூடிவிட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். கிளப்பில் ஆடுகிறவள் ரகசியத்தைச் சொல்ல வாய்திறக்கும் கணத்தில் எங்கிருந்தோ குண்டு வந்து அவளைச் சாய்த்துவிடும். அவள் பெயர்கூட நமக்கு நிற்காது. அவள் பாடிய பாட்டு மட்டும் ஐம்பது வருடமாக நிற்கிறது. இந்தப் படங்களை உண்மையாக நேசிக்கிறவர்கள் இதையும் பார்த்தாக வேண்டும்.

கறுப்பு வெள்ளையின் பொருட்டு இந்தப் படங்களைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றை யோசிக்கலாம். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இதே மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்ததுதான். வண்ணம் தெரியாமல் அவர்கள் கறுப்பு வெள்ளையில் எடுக்கவில்லை. வண்ணச்சுருள் விலை அதிகம். குறைந்த செலவில் சீக்கிரம் எடுத்துச் சீக்கிரம் வெளியிடும் துப்பறியும் படத்துக்கு அது கட்டுப்படியாகாது. சிக்கனத்துக்காகச் செய்தது அழகாகவும் அமைந்தது. அட்டைச் சுவரும் தகர இயந்திரமும் வண்ணத்தில் காட்டிக்கொடுத்துவிடும். இருட்டில் பாதி மறைந்து நிற்கும்போது பயமுறுத்தும்.

இந்த அழகைத் தெரிந்தே கையாண்டவர் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்றால் இன்னும் விளங்கும். 1954 ஏப்ரல் 13 அன்று வெளியான ‘அந்த நாள்’ தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் துப்பாக்கி வெடிக்கிறது. சுடுபவர் யாரென்று தெரியாது; சுடப்பட்டு விழுகிறவர் சிவாஜி கணேசன். நாயகன் பிணமாகக் கிடக்க, பக்கத்து வீட்டுக்காரரும் தம்பியும் தம்பி மனைவியும் காதலியும் மனைவியும் ஆளுக்கொரு விதமாக நடந்ததைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அதே அறை, அதே ஆள், வேறு வெளிச்சம். எஸ். மாருதிராவின் கேமரா முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி மறுபக்கத்தை இருட்டில் விட்டுவிடும். யாரை நம்புவது என்ற கேள்வியை வசனத்துக்கு முன்பே நிழல் கேட்டுவிடும். பாட்டே கிடையாது. கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார். குரோசாவாவின் ‘ரஷோமோன்’ தாக்கம் அதில் உண்டு. ஆனால் 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நாளைப் பின்னணியாக வைத்து, ரேடியோ இன்ஜினியர் ஒருவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தால் அவன் மனைவி என்ன செய்வாள் என்று கேட்டது முழுக்க நம் மண்ணின் கேள்வி. வெளிவந்தபோது வசூலில் தோற்ற படம் அது. தமிழில் இந்த வகையில் இதுவரை வந்தவற்றில் சிறந்தது எது என்று கேட்டால் நான் ‘அந்த நாள்’ என்றே சொல்வேன்.

பாலசந்தர் அதோடு நிற்கவில்லை. ‘பொம்மை’ (1964), அகதா கிறிஸ்டியின் நாவலை அடியொற்றிய ‘நடு இரவில்’ (1970) என்று தொடர்ந்தார். ஆனாலும் கொட்டகை மனம் அவரைவிடச் சங்கரையே அதிகம் நினைக்கிறது.

தாமிரபரணிக் கரைக்கு இந்தப் படங்கள் வந்துசேர்ந்த விதம் தனி. விநியோகக்காரர்கள் தமிழகத்தைப் பங்குபோட்டு வைத்திருந்ததில் திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் சேர்ந்து ஒரு ஏரியா, ‘டி.கே.’ என்பார்கள். ஏரியாவுக்கு வரும் பிரதிகள் சில. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் ஓடி முடித்து, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் என்று இறங்கி, கடைசியில் கிராமத்து டூரிங் டாக்கீஸுக்குப் போய்ச்சேரும்போது மாதக்கணக்கு ஆகியிருக்கும். ரீல் பெட்டி பஸ்ஸில் வரும். ஓடி ஓடித் தேய்ந்த சுருளில் மழைக்கோடு விழும். அறுந்த இடத்தில் ஒட்டியதால் ஒரு வசனம் பாதியில் தாவும். துப்பறியும் படத்தில் இப்படித் தாவிய இடத்தில்தான் துப்பே இருக்கும். அதைப் பார்த்தவன் பார்க்காதவனுக்குச் சொல்லி நிரப்புவான். ஒரே படத்தை மூன்று ஊரில் மூன்று விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்றால் அதில் வியப்பில்லை. அவர்கள் பார்த்த பிரதிகளே அப்படி.

விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் ஷிப்ட் முடிந்து வருகிற ஆண்களுக்கு இரண்டாவது ஆட்டம் இருந்தது. பெண்களுக்கு அந்த நேரம் இல்லை. முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கம் சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களுக்கு இந்தப் படங்கள் காதுவழியாக வந்தன. தென்கோடி என்பதால் இலங்கை வானொலி இங்கே நன்றாகக் கேட்கும். வேதா இசையமைத்த பாட்டுகளை, படம் வந்து வருடங்கள் ஆன பிறகும், கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் அறிவித்து அறிவித்து ஊறவைத்தார்கள். படத்தைப் பார்க்காமலே அதன் பாட்டை வரிவிடாமல் அறிந்த பெண்கள் இங்கே ஏராளம். 1982இல் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினி வந்தபோது, மொட்டை மாடியில் உயரமாக ஆண்டெனா நட்டுக் கடலுக்கு அப்பாலிருந்து படம் பிடித்தார்கள். கொடைக்கானல் கோபுரம் வழியாகச் சென்னைத் தூர்தர்ஷன் எட்டிப்பார்த்தது அதற்குப் பிறகு. பழைய படங்களைப் பெண்கள் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தது அப்போதுதான். ‘ரசிகர்’ என்று நாம் எழுதும்போது தரை டிக்கெட்டில் விசிலடித்தவனை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்கு பாதிதான்.

கலாப்ரியா தம் கட்டுரைகளில் நெல்லைக் கொட்டகைகளையும் ரசிகர் வாழ்க்கையையும் விரிவாக எழுதியிருக்கிறார். சுகாவின் ‘மூங்கில் மூச்சு’ அடுத்த தலைமுறையின் நினைவுகளைச் சொல்கிறது. ஓர் ஊரின் சினிமா நினைவு இலக்கியமாகவே பதிவானதில் இந்த ஊர் கொடுத்துவைத்தது. ஆனால் எழுதுகிறவர் பார்த்ததைத்தான் எழுதமுடியும். 1935ஐ எழுத ஆள் இல்லை.

பழைய படங்கள் எப்படி அழிந்தன என்பதில் கறுப்பு வெள்ளைக்கென்றே ஒரு சோகம் இருக்கிறது. ஐம்பதுகளின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்த நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பற்றினால் அணைக்க முடியாது. தீக்குத் தப்பியவற்றில் பல வெள்ளிக்குப் பலியாயின. கறுப்பு வெள்ளைச் சுருளில் பிம்பமாக நிற்பதே வெள்ளித் துகள். வண்ணச்சுருளைக் கழுவும்போது வெள்ளி நீங்கிச் சாயம் மட்டும் தங்கும். ஓடி முடித்த கறுப்பு வெள்ளைப் பிரதியைக் கழுவி வெள்ளி எடுத்து விற்றார்கள். கோவிந்தனின் முகத்தில் நிழலாக விழுந்திருந்த அதே வெள்ளி. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964இல்தான். அதற்குள் முப்பதுகளின் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருந்தது.

பக்கத்து ஊர்க் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) என்ற மௌனப் படம் இன்றும் இருக்கிறது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல் உரிமையை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிறுவனம் வழக்குப் போட்டு, படப் பிரதியைப் பிடித்துவைத்துக்கொண்டது. படம் ஓடவில்லை, தயாரிப்பாளர் நொடித்துப்போனார். ஆனால் பூட்டிக் கிடந்ததாலேயே பிரதி பிழைத்தது. 1974இல் ஆவணக் காப்பகத்துக்கு வந்துசேர்ந்தது. தென்னாட்டு மௌனப் படங்களில் மிஞ்சியது இப்படித் தற்செயலாக, ஒரு வழக்கின் புண்ணியத்தில் மிஞ்சியிருக்கிறது. ‘இராஜாம்பாள்’ மேல் யாரும் வழக்குப் போடவில்லை போலும் என்று எண்ணுகையில் மனம் கனக்கிறது.

ராத்போனின் ஹோம்ஸ் படங்களும் ஒரு கட்டத்தில் தேய்ந்த பிரதிகளாகத்தான் தொலைக்காட்சியில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் யூனிவர்சல் எடுத்த பன்னிரண்டையும் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத் திரைப்படக் காப்பகம் மீட்டெடுத்தது. செலவுக்குக் கைகொடுத்தவர்களில் ஹோம்ஸ் ரசிகரான ஹியூ ஹெஃப்னரும் ஒருவர். ரசிகனின் ஏக்கம் அங்கே பணமாகவும் உழைப்பாகவும் மாறியது. நம்மிடம் ஏக்கத்துக்குப் பஞ்சமில்லை. சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) போல அந்தக் காலத்துக்கு மரியாதை செய்த படமும் உண்டு. சேலத்தில் ஸ்டூடியோ போய், அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். படச்சுருளைத் தேடிப் போகிறவர்கள் மிகச் சிலர்.

தொலைந்த படத்துக்குச் சாட்சியாக மிஞ்சக்கூடியது பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றது. மட்டமான தாள், மேலட்டையில் மங்கிய படம், உள்ளே நடிகர் பட்டியல், பாட்டுகள், கதைச் சுருக்கம். கதை முடிச்சு இறுகுகிற இடத்தில் சுருக்கம் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லிவிடும். துப்பறியும் படத்தின் பிரதி அழிந்து பாட்டுப் புத்தகம் மட்டும் இருந்தால், கொலை இருக்கும், சந்தேகம் இருக்கும், கொலைகாரன் இருக்கமாட்டான். ஆனாலும் யார் நடித்தார்கள், நாவலிலிருந்து எதை மாற்றினார்கள், எந்த இடத்தில் பாட்டு வைத்தார்கள் என்பதையெல்லாம் அந்தச் சில பக்கங்கள் சொல்லிவிடும். 1935இன் ‘இராஜாம்பாளை’ நாவலோடு ஒப்பிட வேண்டுமென்றால் இன்று நமக்கு இருக்கிற வழி அதுதான்.

சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய பாட்டுப் புத்தகங்களையும் சினிமா நோட்டீஸ்களையும் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் திரட்டிய தொகுப்பிலிருந்து வளர்ந்த நூலகம் அது. பாளையங்கோட்டையிலும் கல்லிடைக்குறிச்சியிலும் ஆழ்வார்திருநகரியிலும் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகிற காலம் இது. பரணில் உள்ள டிரங்குப் பெட்டியை இறக்கும்போது கீழே கிடப்பதைப் பார்த்துவிட்டு எடைக்குப் போடுங்கள். பாட்டுப் புத்தகமோ, கொட்டகை நோட்டீஸோ, ரங்கராஜு நாவலின் பழைய பதிப்போ கிடைத்தால் நூலகத்துக்குக் கொடுங்கள்; கொடுக்க மனமில்லையென்றால் ஒரு நகலாவது எடுக்கவிடுங்கள். ‘வல்லவன் ஒருவன்’ பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தக் கொட்டகை, எந்த வருடம், யாரோடு போனீர்கள் என்று கேட்டு அவர்கள் குரலிலேயே பதிவுசெய்யுங்கள். பெண்களிடம் முதலில் கேளுங்கள்.